மோகனசுந்தரத்தின் சிலை

நோய் ஒரு தண்டனையா என்ற கேள்வி எனக்குத் தத்துவப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பாங்கில், கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்துகொண்டு நான் சிரித்த ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அந்தச் சிரிப்பைப் பற்றிப் பிறகு சொல்லவேண்டியிருக்கும். முதலில் ‘ரத்தக்கண்ணீர்’.

மேடை நாடகம் படமாகும்போது அதில் எது மிஞ்சுகிறது, எது கழிந்துபோகிறது என்பதைப் பற்றி ஒரு கட்டுரைக்காகக் குறிப்புகள் எடுத்துக்கொண்டிருந்தேன். பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்தவனின் பழக்கப்படி கிரேக்கத்திலிருந்துதான் ஆரம்பித்தேன். கனடாவின் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழாவில் டைரன் கத்ரி மேடையேற்றிய ‘ஈடிபஸ் ரெக்ஸ்’ 1957இல் படமாக்கப்பட்டது. யேட்ஸின் ஆங்கில வடிவம். நடிகர்களுக்கு முகமூடி. ஈடிபஸாக டக்ளஸ் காம்ப்பெல். முகமூடி போட்டவனைக் காமிரா நெருங்கிப் பார்ப்பதில் ஒரு விபரீதம் இருக்கிறது. காமிரா முகத்தைத் தேடிக்கொண்டு போகிறது. அங்கே முகம் இல்லை. அசையாத ஒரு பொருளுக்குப் பின்னாலிருந்து மனிதக் குரல் வருகிறது. பார்க்கப் பார்க்க, துயரம் குடியிருக்கும் இடம் குரல்தான் என்று தோன்றிவிடுகிறது. இதை எழுதிய அன்றுதான், இதே அனுபவம் ஏழெட்டு வயதில், டெலிவிஷனுக்கு முன்னால் பாயில் அப்புச்சியோடு உட்கார்ந்திருந்தபோது எனக்குக் கிடைத்திருக்கிறதே என்று நினைவு வந்தது. அங்கே முகமூடி இல்லை. வீங்கித் தடித்த ஓர் ஒப்பனை முகம் இருந்தது. அதற்குப் பின்னாலிருந்து எம்.ஆர். ராதாவின் குரல்.

திருவாரூர் கே. தங்கராசு எழுதிய நாடகம் அது. 1949இலிருந்து ராதா அதை ஊர் ஊராக நடித்துவந்தார். 1954 தீபாவளிக்குப் படமாக வந்தது. தயாரிப்பு நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள், இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. இரண்டு வருஷம் முன்பு ‘பராசக்தி’யைத் தந்தவர்கள். கதை எல்லோருக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து திரும்பும் மோகனசுந்தரம் ஊரையும் தாயையும் துச்சமாக மதிக்கிறான். மனைவி சந்திராவை (ஸ்ரீரஞ்சனி) ஒதுக்கிவிட்டுத் தாசி காந்தாவிடம் (எம்.என். ராஜம்) போகிறான். சொத்து கரைகிறது. உடம்பில் தொழுநோய் தோன்றுகிறது. காந்தா துரத்திவிடுகிறாள். கண்ணிழந்த பிச்சைக்காரனாகத் தெருவில் அலைகிறான். கடைசியில் நண்பன் பாலுவிடம் (எஸ்.எஸ். ராஜேந்திரன்) இரண்டு கோரிக்கை வைக்கிறான். சந்திராவை நீ மணந்துகொள். இந்த உருவத்திலேயே எனக்கு ஒரு சிலை வை, பார்ப்பவர்கள் பாடம் கற்கட்டும்.

படம் என்ற வகையில் இது சாதாரணம் என்பது என் அபிப்பிராயம். காட்சிகள் மேடையின் காட்சிகள், இடையில் பாட்டுகள். மற்ற நடிகர்கள் காமிராவுக்கு நடிக்கிறார்கள். ராதா மட்டும் கொட்டகைக்கு நடிக்கிறார். ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அவர் நிறுத்தும் இடங்களைக் கவனிக்கவேண்டும். ஐந்து வருஷம் இரவுக்கு இரவு அந்த இடத்தில் ஆயிரம் பேர் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரமாகும் என்று அவர் உடம்புக்குத் தெரியும். ஸ்டூடியோவில் சிரிக்க ஆளில்லை. ஆனாலும் அந்த அவகாசத்தை விட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார். படம் முழுக்க இப்படி, ஒருகாலத்து ஜனங்களின் சிரிப்பு இருந்த குழிகள். அவற்றை நாம் வீட்டில் தனியாக உட்கார்ந்து நிரப்புகிறோம்.

குரலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். ஒரே வாக்கியத்தின் முதல் பாதி கீச்சென்று உச்சியில் இருக்கும். மறுபாதி தொண்டைக்கு அடியில் உறுமும். இரண்டுக்கும் நடுவில் மாடிப்படி கிடையாது, குதிப்புதான். சீமையிலிருந்து வந்த கனவானாக இருக்கும்போது இந்தக் குதிப்பு திமிர். நோயாளியான பிறகும் அதே குதிப்பு, ஆனால் இப்போது அது கேலி. தன்மேல் பாதி, நம்மேல் பாதி. நடையும் கையும் குறுகிக்கொண்டே போக, குரல் மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது. தமிழ் சினிமாவில் இதற்கு ஈடான ஒரு உடம்பு–குரல் முரண்பாட்டை நான் பார்த்ததில்லை. சிவாஜி கணேசனின் மேடைத்தனம் நம்மைப் பிரமிக்கவைத்து மேலே நிற்கிறது. ராதாவினுடையது இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் கை போட்டு, நம்மையே திட்டுகிறது.

அப்புச்சி சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டியவர். நாடகத்தையும் பார்த்திருந்தார், படத்தையும் பார்த்திருந்தார். “படத்துல இருக்கறது காப்பங்குதான் கண்ணு. நாடகத்துல அன்னன்னிக்குப் பேப்பர்ல வந்ததையெல்லாம் எடுத்துப் பேசுவான். நேத்துப் பேசுனதை இன்னிக்குப் பேசமாட்டான்” என்பார். இது அப்புச்சி மட்டும் சொல்வதில்லை. ராதாவின் மேடையை நேரில் கண்டவர்கள் எல்லோரும் சொல்வது. இந்த விஷயம் எனக்கு முக்கியம், பின்னால் வருகிறேன்.

நம் வட்டாரத்தில் ராதாவைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு நிமிஷத்தில் ப்ரெக்ட் வந்துவிடுவார். அந்தப் பெயரைச் சொன்னதும் நமக்கு ஒரு நிம்மதி. ரசித்ததற்கு அனுமதி கிடைத்துவிட்டது போல. பாத்திரத்தை விட்டு வெளியே வந்து பார்வையாளனோடு பேசுவது கூத்தில் கட்டியங்காரன் காலங்காலமாகச் செய்துவருவது. அதற்கு ஜெர்மனி போகவேண்டியதில்லை. ப்ரெக்ட் பேச்சு ஒரு உபகாரம் செய்கிறது. கதையைப் பற்றிப் பேசாமல் தப்பிக்கவைக்கிறது. “கதை பிரச்சாரம்தான், விடுங்கள், நடிப்பைப் பாருங்கள்” என்கிறோம். நானும் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான். கல்லூரியில் இரண்டாம் முறை படத்தைப் பார்த்துவிட்டு, அரிஸ்டாட்டிலின் பதப்பிரயோகங்களையெல்லாம் போட்டு ஒரு செமினார் கட்டுரைகூட வாசித்தேன். நம்மிடம் சோகநாடகம் கிடையாது, சம்ஸ்கிருத நாடக மரபு அதை அனுமதிக்கவில்லை, பாஸனின் ‘ஊருபங்கம்’ போல ஒன்றிரண்டு விலக்குகள்தான் என்று வழக்கமாகச் சொல்லப்படுவதற்கு மறுப்பாக ராதாவைக் காட்டினேன். கைதட்டினார்கள். அந்தக் கட்டுரையில் தொழுநோய் என்ற வார்த்தை ஒருமுறைதான் வந்தது. ‘குறியீடு’ என்ற வார்த்தைக்குப் பக்கத்தில்.

அது குறியீடு அல்ல. உலகத்தில் இருக்கிற ஒரு நோய். 1873இல் நார்வேயில் ஹான்ஸன் என்ற மருத்துவர் அதன் கிருமியைக் கண்டுபிடித்தார். காச நோய்க்கிருமியின் உறவுக்காரக் கிருமி அது. மெதுவாகப் பெருகும், உடம்பில் புகுந்து வருஷக்கணக்கில் பதுங்கியிருக்கும், மருந்தில்லாத நோயாளியோடு நீண்ட நாள் நெருங்கி வாழ்கிறவர்களிலும் மிகப் பெரும்பாலானவர்களுக்கு வராது. தாசி வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஒழுக்கக்கேட்டால் வருவதும் அல்ல, பரம்பரையாக வருவதும் அல்ல. ‘ரத்தக்கண்ணீர்’ முதலில் மேடையேறிய காலத்திலேயே இது தெரிந்த சங்கதி. தெரிந்ததோடு நிற்கவில்லை. அதே சென்னை மாகாணத்தில், செங்கல்பட்டை அடுத்த திருமணி சானடோரியத்தில் டாக்டர் காக்ரேன் 1940களின் பிற்பாதியில் புதிய ஸல்ஃபோன் மருந்தைக் கொடுத்து நோயைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார். அதே வருஷங்களில் வேலூரில் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவைசிகிச்சையால் நிமிர்த்த ஆரம்பித்திருந்தார். விரல்கள் அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நினைத்திருந்ததை அவர் மறுத்தார். நோய் நரம்பைக் கொல்கிறது, வலி தெரியாமல் போகிறது, வலி தெரியாத கை சூட்டிலும் வெட்டிலும் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது என்று காட்டினார். வலியின்மைதான் அந்த நோயின் கொடுமை. இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது, ஒரு நிஜமான சோகநாடகத்துக்கான கரு இங்கே இருக்கிறது, அதை ஒருவரும் தொடவில்லை என்பதுதான். வலிக்கவேண்டும் என்று ஏங்குகிற மனிதன். நம் மேடை அவனை விட்டுவிட்டு, வலிக்க வலிக்கத் தண்டிக்கப்படுகிற ஒருவனை எடுத்துக்கொண்டது.

இதைச் செய்தவர்கள் யார் என்பதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம். தங்கராசு சுயமரியாதைக்காரர். ராதா பெரியாரின் தொண்டர். புராணங்களை மேடையில் கிழித்தவர். 1954இல் சென்னை அரசு கொண்டுவந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் அவரை மனதில் வைத்தே வந்தது என்று பரவலாகப் பேசப்பட்டது. கர்மம், முற்பிறவி, பாவத்தின் சம்பளம் என்பதையெல்லாம் வாழ்நாள் முழுக்க நையாண்டி செய்தவர்கள். அவர்களுடைய மிகச் சிறந்த படைப்பின் முதுகெலும்பு எது? தப்புச் செய்தான், உடம்பு அழுகிற்று. புராணத்தில் கிருஷ்ணனின் மகன் சாம்பன் சாபத்தால் தொழுநோயாளியாவதும் இதே கணக்குதான். சமணத்துக்குப் போன திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்ததும் இதே கணக்குதான். அங்கே தண்டிக்கிறவனே தீர்த்தும் வைக்கிறான். சாம்பனுக்குச் சூரியன் இருக்கிறான், நாவுக்கரசருக்கு அதிகைப் பெருமான் இருக்கிறான். நம் சீர்திருத்தவாதிகள் கடவுளைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். சாட்டையை மட்டும் கீழே போடாமல் வைத்துக்கொண்டார்கள். கருணை கடவுளோடு போய்விட்டது.

இதைச் சுட்டிக்காட்டி அவர்களைச் சிறுமைப்படுத்தும் உத்தேசம் எனக்கில்லை. ஒரு நம்பிக்கையை அறிவால் விட்டுவிட்டவன் உணர்ச்சியால் அதை விட்டுவிட்டானா என்பது நம் ஒவ்வொருவருக்கும் உள்ள கேள்வி. பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கான்ஸர் என்று கேட்டதும் “பீடி குடிப்பாரா?” என்றுதான் கேட்கிறோம். குடித்தார் என்று தெரிந்தால் மனசு கொஞ்சம் லேசாகிறது. உலகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, நாம் அதில் சரியான பக்கம் இருக்கிறோம் என்ற ஆறுதல்.

இனி நடிப்புக்கு வருகிறேன். ஏனென்றால் நடிப்பு கதைக்குக் கீழ்ப்படிந்து நடக்கவில்லை. பாலு பேசுகிற சீர்திருத்த வசனங்களில் ஒன்றாவது யாருக்காவது நினைவிருக்கிறதா? சந்திராவின் கண்ணீர்? நல்லவர்கள் எல்லோரும் இந்தப் படத்தில் பேச்சாளர்களாக நிற்கிறார்கள். உயிர் முழுவதும் தண்டிக்கப்பட்டவனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. தெருவில் விழுந்த பிறகு அவன்தான் ஊரைப் பார்க்கிறான், அவன்தான் பணக்காரனின் தர்மத்தையும் பக்தனின் பக்தியையும் பிய்த்துப்போடுகிறான். பாடமாக இருக்கவேண்டியவன் வாத்தியாராகிவிடுகிறான். நாம் அவன் பக்கம் போய்விடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. நம் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? அவிநாசிக் கோயிலுக்கு முன்னால் ஒருகாலத்தில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். தட்டைப் பார்ப்போம், காசு போடுவோம், பார்வை தானாக விலகிக்கொள்ளும். ஆனால் திரையில் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்திருக்கிறோம். விரும்பிப் பார்த்திருக்கிறோம். மறுபடி டிக்கட் வாங்கிப் பார்த்திருக்கிறோம். அருவருப்பைச் சிரிப்பால் தாண்டவைத்தது ராதா செய்த காரியம். தமிழில் வேறு எந்த நடிகருக்கும் இது சாத்தியப்பட்டிருக்காது. கல்லூரிக் கட்டுரையில் இந்த வாதத்தோடு முடித்திருந்தேன். இன்று எனக்கு இது போதவில்லை.

போதாததற்குக் காரணம் அந்தச் சிலை. இவ்வளவு கூர்மையான புத்தி உள்ளவன், ஊரையே கேள்வி கேட்டவன், தன் நோயை மட்டும் கேள்வி கேட்பதில்லை. எனக்கு வந்தது சரிதான் என்கிறான். இந்த உருவத்தையே கல்லில் அடித்து வையுங்கள் என்கிறான். ஈடிபஸும் முதலில் இப்படித்தான். என்னைத் துரத்துங்கள் என்று தானே கேட்கிறான். ஆனால் ஸோஃபோக்ளிஸ் அங்கே விடவில்லை. தன் முதுமையில் இன்னொரு நாடகம் எழுதினார், அவர் இறந்த பிறகு கி.மு. 401இல் மேடையேறியது. அதில் கிழட்டுக் குருடனாகக் கொலோனஸ் வந்துசேரும் ஈடிபஸ், தெரியாமல் நடந்ததற்கு நான் குற்றவாளியில்லை என்று வாதாடுகிறான். ஊர் தொட அஞ்சிய அந்த உடம்பு புதைபடும் மண்ணுக்குக் காப்பாக இருக்கும் என்று நாடகம் முடிகிறது. மோகனசுந்தரம் கொடுமைக்காரன், ஈடிபஸ் அறியாதவன். இரண்டும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். மோகனசுந்தரத்தின் குற்றங்களுக்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும், தாய்க்கும் சந்திராவுக்கும். நான் கேட்பது, அந்தப் பதிலை ஏன் நோயிடம் ஒப்படைக்கவேண்டும்? நோய் வந்த பிறகு சந்திராவுக்கு அவன் செய்தது பின்னுக்குப் போய்விடுகிறது, அவன் உடம்புக்கு நடந்தது முன்னுக்கு வந்துவிடுகிறது. தண்டனையே குற்றத்தை மறைத்துவிடுகிறது. அப்புறம் அந்தச் சிலை மோகனசுந்தரத்தின் சிலையாக நிற்பதில்லை. அவனைப் போல முகம் உள்ள எல்லோருடைய சிலையாகவும் நிற்கிறது.

சட்டமும் அப்போது இதே மனநிலையில்தான் இருந்தது. படம் வந்த அடுத்த வருஷம், 1955இல், இந்துத் திருமணச் சட்டம் வந்தது. கடுமையான தொழுநோயை அது விவாகரத்துக்கு ஒரு காரணமாக வைத்தது. பாலு–சந்திரா மணத்தைப் புரட்சி என்று பாராட்டியவர்கள், கைவிட்ட கணவனிடமிருந்து அவளுக்கு எப்போதோ கிடைத்திருக்கவேண்டிய விடுதலை, அவனுக்கு நோய் வந்த பிறகுதான் கிடைக்கிறது என்பதைக் கவனிக்கவில்லை. வெள்ளைக்காரன் 1898இல் போட்ட தொழுநோயாளிகள் சட்டம் 2016இல்தான் ரத்தாயிற்று. விவாகரத்துக் காரணங்களிலிருந்து நோய் நீக்கப்பட்டது 2019இல். நடுவில் 1980களின் தொடக்கத்தில் கூட்டு மருந்து வந்து, ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் குணப்படுத்தக்கூடியதாக நோய் மாறிவிட்டிருந்தது. மருந்து வந்து கிட்டத்தட்ட நாற்பது வருஷம் கழித்துத்தான் சட்டத்துக்கு அது தெரிந்தது. இன்றும் இந்தியாவில் வருஷத்துக்கு 1 லட்சம் பேருக்கு மேல் புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். வெளியில் சொல்வதற்கு இன்றும் தயக்கம்.

அப்புச்சி சொன்னது இங்கேதான் வந்து உறுத்துகிறது. மேடை ராதா அன்றன்றைக்கு மாறுகிறவர். நாடகம் நடந்துகொண்டே இருந்திருந்தால், கூட்டு மருந்து வந்த செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு, ஒரு இரவு அவர் மேடையில் நின்று தன் கதையையே கிண்டல் செய்திருக்கக்கூடும். அவரால் முடியும் என்று நம்புகிறேன். ஆனால் 1979இல் அவர் இறந்துபோனார். 1954இல் படச்சுருளில் பதிந்த ராதா மட்டும் இருக்கிறார். அவரால் ஒரு வார்த்தையைக்கூட மாற்ற முடியாது. எங்கள் ஊர்ப் பெயருக்கு அழிவில்லாதது என்று அர்த்தம். முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட ஊர். அழியாமல் இருப்பதை வரம் என்றே நினைத்து வளர்ந்தேன். ஒரு தவறும் ஒரு மேதைமையும் ஒன்றாகப் பதிந்து அழியாமல் போவதை என்னவென்று சொல்ல?

சென்ற வருஷம் ஒரு மாத ஆரம்பம், பாங்கில் கூட்டமான நாள். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் பணம் எடுக்க வந்தார். மூக்கு சற்றுத் தணிந்திருந்தது. இரண்டு கையிலும் விரல்கள் அநேகமாக இல்லை. கணக்கு வேறு கிளையிலிருந்து மாறி வந்தது. அதுவரை மகன் கூட வருவாராம், அன்று வரவில்லை. கையெழுத்துப் போட முடியாதவர்களுக்குப் பெருவிரல் ரேகை. பெருவிரலே இல்லாதவருக்கு? விதி இருக்கிறது. ஏதாவது ஓர் அடையாளம் வைக்கலாம், கால்விரல் ரேகைகூட வைக்கலாம், பாங்குக்குத் தெரிந்த இரண்டு பேர் சாட்சி போடவேண்டும், அதில் ஒருவர் அதிகாரியாக இருக்கவேண்டும். விதி எனக்கு அப்போது ஞாபகமில்லை. “கொஞ்சம் உட்காருங்க அய்யா” என்று சொல்லிவிட்டு அதிகாரிக்காகக் காத்திருந்தேன். பக்கத்துக் கவுண்டர் நண்பர் நல்ல மனிதர், கஷ்டப்படுகிறவர்களுக்குப் படிவம் எழுதிக்கொடுக்கிறவர். குனிந்தபடி, மெதுவாக, ராதாவின் குரலில் காந்தாவைக் கூப்பிட்டார். அச்சு அசல். நான் சிரித்துவிட்டேன்.

சத்தமாகச் சிரிக்கவில்லை. மூக்கால் வெளியேறுகிற ஒரு சிரிப்பு. ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அவருக்குக் கேட்டுவிட்டது. எதையாவது எழுதுவது போல நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“பரவால்லீங் சார், சிரிங்க” என்றார். “அந்தப் படம் நானும் பாத்தனுங்க.”

அதிகாரி வரப் பத்து நிமிஷமாயிற்று. அதற்குள் சொன்னார். இங்கே அவர் சொன்னபடியே எழுத முயற்சி செய்கிறேன்.

“டூரிங் கொட்டாயிங்க. மணலைக் கூட்டி வெச்சு அதுமேல உக்காந்து பாத்தோம். எனக்கு அப்ப இருவது வயசிருக்குங்க. முதுகுல காசகலத்துக்குத் தேமலாட்ட ஒண்ணு. கிள்ளுனாத் தெரியாதுங்க. அதென்னன்னு யாருகிட்டவும் கேக்கல. படத்துல ராதா பேசப் பேசக் கொட்டாயே சிரிக்குது. எல்லாரையும்விட நாந்தானுங்க சாஸ்தியாச் சிரிச்சேன். சிரிக்காம இருந்தமுன்னா பக்கத்துல இருக்கறவன் நம்ம மூஞ்சியப் பாப்பானில்லீங்களா.”

சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போலாமுன்னு நெனப்பனுங்க. எவகிட்டப் போயிட்டு வந்தேன்னு கேட்டுட்டாங்கன்னா? கண்ணாலமே ஆகலீங்க அப்ப. எந்தக் காந்தாளையும் நான் கண்டதில்லீங்க. அப்படியே பத்து வருசம் போயிருச்சு. அப்பறம் வீடு வீடா வந்து மாத்திரை குடுத்தாங்கல்லங்க, அதுல சுத்தமா நின்னுபோச்சு. நோவு போயி நாப்பது வருசமாச்சுங்க. கைதான் அதுக்குள்ள போயிருச்சு.”

ராதாவை அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “ஆனா என்ன மனுசனுங்க அவுரு! அந்தப் பேச்சு யாருக்கு வரும்?” என்றார். அவர் ரசனையில் எனக்குச் சந்தேகமில்லை. என்னைவிட நன்றாகவே அவர் அந்த நடிப்பைப் பார்த்திருக்கிறார். நான் முகமூடிக்குப் பின்னாலிருந்து வரும் குரலைப் பற்றிக் குறிப்பெழுதிக்கொண்டிருந்தேன். அவர் அந்தக் கொட்டகையில் அதைப் போட்டுக்கொண்டிருந்தவர்.

அன்றிரவு மூன்றாம் முறையாகப் படத்தைப் பார்த்தேன், கைப்பேசியில், சத்தத்தைக் குறைத்துவைத்து. சிரிப்புக்காக ராதா விட்டுச்சென்ற இடங்கள் வந்தபோதெல்லாம் அந்த இருபது வயதுக்காரர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். ராதா மேதை என்பது வாஸ்தவம். கதை அநியாயம் என்பதும் வாஸ்தவம். ஒன்று மற்றொன்றைத் தள்ளுபடி செய்யும் என்று விமர்சகர்களாகிய நாம் காட்டுகிற கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. நடிப்பு சாதாரணமாக இருந்திருந்தால் அந்த அநியாயம் 1954 தீபாவளியோடு போயிருக்கும். கொட்டகை கொட்டகையாக அதைச் சுமந்து வந்து அந்த இளைஞருக்குப் பக்கத்தில் இறக்கியது அந்த மேதைமைதான். நாடகத்தைத் தடைசெய்யச் சொல்கிறவன் அல்ல நான், அந்தக் காரியத்தைச் செய்ய நினைத்த அரசுகளை நமக்குத் தெரியும். படத்துக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை அட்டை போடுவதிலும் எனக்கு ஆர்வமில்லை. நல்ல நடிப்பு நமக்கு நல்லது செய்யும் என்று விமர்சனத்தின் அடியில் நாம் யோசிக்காமலே வைத்திருக்கிற ஒரு நம்பிக்கை இருக்கிறது. எனக்கு அது அன்று போய்விட்டது. அது இல்லாமல் எப்படி ரசிப்பது என்று இன்னும் பிடிபடவில்லை.

அதிகாரி வந்தார். விதியைச் சொன்னார். கால்விரலும் சரியாக இல்லை. ரப்பர் செருப்பைக் கழற்றப் போனவரை அவரே தடுத்துவிட்டு, பேனாவைக் கொடுத்தார். பெரியவர் இரண்டு கைக்கும் நடுவில் பேனாவை இடுக்கிக்கொண்டு, படிவத்தின்மேல் நன்றாகக் கவிழ்ந்து, ஒரு கோடு இழுத்தார். அதன்மேல் குறுக்காக இன்னொரு கோடு. அதற்குப் பக்கத்தில் இன்னாருடைய அடையாளம் என்று அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாட்சியாக நான் போட்டேன்.

3,000 ரூபாய். நோட்டுகளைத் தடுப்புக்குக் கீழே தள்ளினேன். அவர் எடுக்கவில்லை.

“எண்ணுனா எனக்கு நோட்டு நழுவறது தெரியாதுங்க சார். நீங்களே இன்னொருக்கா எண்ணிச் சொல்லிருங்க” என்றார்.

அவருக்குக் கேட்கும்படி வாய்விட்டு எண்ணினேன்.